நிலத்தின் படத்தைக் கேளுங்கள்



'ஆற்றில் போட்டாலும் அளந்து போடு' என்பது நம் முன்னோர் வாக்கு. அரிசியை அளந்து வாங்குகிறோம்; துணியை அளந்து வாங்குகிறோம். ஆயினும் ஆயுள் முழுவதும் சேர்த்த பொருளைக் கொடுத்து வாங்கும் நிலத்தை மட்டும், விற்பவர் கைநீட்டிக் காட்டிய திசையை நம்பி வாங்கிவிடுகிறோம். பத்திரத்தைப் பத்துப் பேரிடம் காட்டிக் கருத்துக் கேட்போர்கூட, அந்நிலத்தின் வரைபடத்தை ஒருமுறையேனும் பார்ப்பதில்லை. ஆகவே இம்மாதம் அரசு அலுவலகங்களில் கிடைக்கும் நில வரைபடங்களைப் பற்றிச் சிறிது கூறக் கருதுகிறோம்.

தில்லித் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு நிலக்கவலை இரண்டு. அரசுக் குடியிருப்பில் இருப்போர், ஓய்வு பெற்றபின் வீட்டுச் சாவியைத் திருப்பிக் கொடுத்தேயாக வேண்டும். ஆதலின் பணியின் இறுதி ஆண்டுகளில் அவசர அவசரமாக இங்கு ஓர் இடம் தேடுகின்றனர். இஃது ஒன்று. ஊரில் தந்தையார் விட்டுச்சென்ற வயலும் மனையும் யார் கையில், எந்த அளவில் உள்ளன என்பது மற்றொன்று. இரண்டிலும் ஏமாற்றம் நேர்வது பெரும்பாலும் ஒரே வழியில்தான். பத்திரம் கையில் இருக்கும். அப்பத்திரம் குறிக்கும் இடம் எது என்பது மட்டும் தெரியாது.

பத்திரம் என்பது இன்னார் இன்னாருக்கு விற்றார் என்பதைச் சொல்வது. அதில் சக்குபந்தி எழுதப்பட்டிருக்கும் என்பது உண்மையே. நான்கெல்லை கூறும் வழக்கம் நமக்குப் புதியதன்று. சோழர் காலக் கல்வெட்டுகளிலேயே கீழெல்லை, மேலெல்லை, தென்னெல்லை, வடவெல்லை என்று முறையாக வகுத்திருக்கின்றனர். ஆனால் 'கிழக்கே இன்னார் நிலம்' என்று எழுதியபின், அந்த இன்னார் நிலம் மூன்று கைமாறி, வரப்பும் அழிந்துபோனால், அவ்வெல்லை எங்கே நிற்கும்? அப்பொழுது துணை நிற்பது அளந்து வரைந்த படம் ஒன்றே.

ஆனால் படம் என்பது ஒரு பொருள் அன்று. ஒவ்வொரு படமும் ஒரு கேள்விக்கே விடை தரும். 'நக்ஷா எல்லாம் சரியாக இருக்கிறது' என்று தரகர் கூறினால், 'எந்த நக்ஷா?' என்று கேட்பதே வாங்குவோர் முதற்கடமை.

முதலில் நம் ஊர்ப் படங்களைக் காண்போம். தமிழகத்தில் நில அளவைக்கு நெடிய வரலாறு உண்டு. சென்னையில் நில அளவை கற்பிக்கும் பள்ளி 1794-ஆம் ஆண்டே தொடங்கப்பெற்றது. இன்றைய கிண்டிப் பொறியியற் கல்லூரியின் வேர் அதுவே. இந்தியா முழுவதையும் அளந்த பெரும் பணிக்கு லாம்டன் என்பார் 1802-ஆம் ஆண்டு அடிக்கோடு அளந்ததும் சென்னைப் பரங்கிமலை அருகிலேதான். இன்றும் நம் ஊர் எல்லைகளுக்குச் சட்ட அடிப்படையாக விளங்குவது 1923-ஆம் ஆண்டின் நில அளவை, எல்லைகள் சட்டம்.

கிராம வரைபடம் என்பது ஊர் முழுவதையும் ஒரே தாளில் காட்டுவது. புல எண்கள், வண்டிப்பாதை, வாய்க்கால், ஏரி, புறம்போக்கு ஆகியவற்றை அதில் காணலாம். நம் நிலத்துக்குப் போகப் பாதை உண்டா, பக்கத்தில் இருப்பது ஓடையா என்பதற்கு விடை இப்படத்தில் உண்டு. வாங்கும் மனை நீர்நிலைப் புறம்போக்கில் விழுந்திருப்பதாகக் கண்டால், விலை எவ்வளவு மலிவாயினும் விலகிவிடுவதே அறிவுடைமை.

புலப்படம் என்பது ஒரு புல எண்ணை மட்டும் பெரிதாக்கிக் காட்டுவது. அலுவலகங்களில் இதனை எஃப்.எம்.பி. என்பர். மூலைக் கற்கள், பக்க அளவுகள், உட்பிரிவுக் கோடுகள், சுற்றியுள்ள புல எண்கள் யாவும் இதில் இருக்கும். இதனைப் படிப்போர் ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும். பழைய படங்களில் அளவுகள் அடியில் இரா. சங்கிலிக் கணக்கில் லிங்க் என்னும் அலகில் இருக்கும். ஒரு சங்கிலி 66 அடி. அதில் 100 லிங்க். ஆகவே படத்தில் 100 என்று இருப்பதை 100 அடி என்று கொண்டால், 34 அடி இல்லாத நிலத்துக்கு உரிமை கொண்டாடுவோம். புதிய படங்களில் அளவு மீட்டரில் இருக்கும்.

நம்மவர் பலருக்கும் இடர் விளைவது உட்பிரிவில்தான். தந்தையார் காலத்துக்குப்பின் சகோதரர் நால்வர் பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதிப் பதிவும் செய்துகொள்கின்றனர். ஊரில் இருப்பவர் தம் பங்கை உழுகிறார். தில்லியில் இருப்பவர் ஊதியத்துக்கு உழைக்கிறார். ஆனால் குறுவட்ட அளவர் வந்து அளந்து, உட்பிரிவு செய்து, புலப்படத்தில் கோடு போட்டாலன்றி அரசுக் கணக்கில் அந்நிலம் பிரிந்ததாகாது. கூட்டுப் பட்டாவாகவே நிற்கும். இருபது ஆண்டு கழித்துப் பிள்ளைகள் ஊருக்குச் சென்று, 'எங்கள் பங்கு எது?' என்று கேட்டால், காட்டுவதற்குக் கல்லும் இராது, கோடும் இராது. உடன்பிறந்தார் உறவு கெடுவது பேராசையால் மட்டுமன்று. போடாத ஒரு கோட்டாலும் கெடும். ஆகவே பாகப்பத்திரம் எழுதியவுடனே, அனைவரும் மனமொத்திருக்கும்போதே, உட்பிரிவுடன் கூடிய பட்டா மாறுதலுக்கு விண்ணப்பித்துவிடுக.

நகரங்களில் வார்டு, பிளாக், நகர அளவை எண் என்று கணக்கு மாறும். பழைய பத்திரத்தில் கிராமப் புல எண் இருக்கும். இன்றைய ஏட்டில் வேறு எண் இருக்கும். எந்தப் பழைய எண் எந்தப் புதிய எண்ணாயிற்று என்பதை எழுத்தில் பெறாமல் விலை பேசலாகாது. புது மனைகளுக்கோ மனைப்பிரிவு வரைபடம் வேண்டும். நகர் ஊரமைப்பு இயக்ககம் அல்லது சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் ஒப்புதல் அளித்த எண் அதில் உண்டா என்று பார்க்க வேண்டும். அங்கீகாரமற்ற மனைகளின் பதிவை 2016-ஆம் ஆண்டு சென்னை உயர்நீதிமன்றம் தடுத்ததும், அவ்வாண்டு அக்டோபர் 20-க்கு முன் அமைந்தவற்றை வரன்முறைப்படுத்த 2017-இல் விதிகள் வந்ததும் பலர் அறிவர். தரகர் அச்சிட்டு வழங்கும் வண்ணப் படத்தில் பூங்காவும் நீரூற்றும் அழகாக இருக்கும். ஒப்புதல் எண் மட்டும் இல்லையேல் அது வெறும் விளம்பரத் தாளே.

பட்டா, 'அ' பதிவேடு, புலப்படம் ஆகியவற்றைத் தமிழக அரசின் மின்சேவை இணையதளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் ஆகியவற்றைக் கொடுத்துத் தில்லியிலிருந்தபடியே பார்க்கலாம். இரண்டு நாள் இரயிலில் சென்று வட்டாட்சியர் அலுவலகத் திண்ணையில் காத்திருந்த காலம் பெரும்பாலும் போயிற்று.

இனித் தில்லிக்கு வருவோம். இங்கே சொற்களே வேறு. புல எண்ணைக் கஸ்ரா என்பர். உரிமையாளர் ஏட்டைக் கதௌனி என்பர். ஊர்ப்படத்தைச் சஜ்ரா என்பர். அப்படத்தைத் துணியில் எழுதிப் பட்வாரி வைத்திருப்பதற்கு லட்டா என்று பெயர். எல்லை அளந்து காட்டக் கோரும் விண்ணப்பம் நிஷான்தேஹி எனப்படும். இச்சொற்களை அறிந்து சென்றால் அலுவலகத்தில் பாதி வேலை எளிதாகும்.

தில்லிக் கிராமங்களில் லால் டோரா என்பதொன்று உண்டு. 1908-ஆம் ஆண்டளவில் நடந்த நிலவரி ஏற்பாட்டின்போது, ஊர் மக்கள் குடியிருக்கும் பகுதியை வயல்களினின்று பிரித்துச் சிவப்புக் கோட்டால் வளைத்துக் காட்டினர். வளையத்துக்குள் வீடு வீடாக அளக்கவில்லை. வரி விதிப்பதற்கு வயலே முக்கியம் ஆதலின், வீடுகள் தனித்தனியே கணக்கில் ஏறவில்லை. ஆகவே லால் டோராவுக்குள் வீடு வாங்குவோர், ஊர் எல்லையைக் காட்டும் படத்தை மட்டுமே பெறுவர். தம் சுவரின் எல்லையைக் காட்டும் பழைய அரசுப் படம் பொதுவாக இராது. அதற்கேற்பக் கூடுதல் எச்சரிக்கை வேண்டும்.

அடுத்தது பெருந்திட்டப் படம். தில்லி வளர்ச்சிக் குழுமம் 1957-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்தது. அதன் முதற் பெருந்திட்டம் 1962-இல் நடைமுறைக்கு வந்தது. பின்னர் 1990-இலும் 2007-இலும் புதிய திட்டங்கள் வெளிவந்தன. இவற்றின் படங்களில் நிலம் எதற்கு உரியது என்பது வண்ணத்தால் காட்டப்படும். குடியிருப்புக்கு மஞ்சள், பூங்கா முதலியவற்றுக்குப் பச்சை. இதனினும் நுட்பமாக மண்டலத் திட்டப் படங்கள் உண்டு. 'ஓ' மண்டலம் என்றால் யமுனையின் வெள்ளச் சமவெளி என்பதை நதியோரம் இடம் தேடுவோர் மறத்தலாகாது. நிலம் விற்பவருக்கே உரியதாயினும், பெருந்திட்டச் சாலை அதன் நடுவே செல்லுமாயின் அங்கே எழுப்பும் வீடு நிலையாதன்றோ?

வளர்ச்சிக் குழுமமோ மாநகராட்சியோ ஒப்புதல் அளித்த குடியிருப்புகளுக்குத் தளவமைப்புப் படம் உண்டு. மனை எண், சாலை அகலம், பூங்கா, பள்ளிக்கென ஒதுக்கிய இடம் ஆகியவற்றை அதில் பார்க்க வேண்டும். 'நக்ஷா பாஸ்' என்று இங்கே பெரும்பாலும் சொல்லப்படுவதோ கட்டட வரைபடம். மாடி எத்தனை, சன்னல் எங்கே என்பதை அது காட்டும். நிலம் யாருடையது என்பதற்கு அது சான்றாகாது.

அங்கீகாரமற்ற குடியிருப்புகளின் நிலை தனி. அங்கே பவர் பத்திரம், ஒப்பந்தம், உயில் ஆகியவற்றைக் கொண்டே கைமாற்றம் நடந்துவந்தது. இவற்றால் மட்டும் உரிமை மாறாது என்று உச்சநீதிமன்றம் 2011-ஆம் ஆண்டு சுராஜ் லேம்ப் வழக்கில் தீர்ப்பளித்தது. பின்னர் 2019-ஆம் ஆண்டு நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றி, 1,731 குடியிருப்புகளில் வாழ்வோர்க்கு அத்தகைய ஆவணங்களைக் கொண்டே உரிமை வழங்க வழிசெய்தது. பி.எம். உதய் என்று அழைக்கப்படும் இத்திட்டத்தில் முதற்படியே படம்தான். குடியிருப்பின் எல்லைப் படத்துக்குள் வீடு விழுகிறதா என்று பார்த்து, பட்டியலிலுள்ள அளவை நிறுவனத்தைக் கொண்டு மனையை அளந்து, அதன்பின்னரே விண்ணப்பிக்க வேண்டும். காப்புக்காடு, தொல்லியல் பாதுகாப்பிடம், 'ஓ' மண்டலம், பெருந்திட்டச் சாலையின் அகலம் ஆகியவற்றில் விழும் இடங்களுக்கு அவ்வுரிமை இல்லை. ஒரே தெருவில் ஒரு வீட்டுக்கு உரிமை கிடைப்பதும் எதிர்வீட்டுக்குக் கிடையாதிருப்பதும் இப்படத்தால் நேரக்கூடும்.

இரயில்வேயில் எழுத்துப் பணி புரியும் நமக்கு இச்செய்தி நன்கு விளங்கும். இருப்புப்பாதையின் இருபுறமும் இரயில்வேக்கு உரிய நிலத்தைக் காட்டும் படங்களும் எல்லைக் கற்களும் உண்டு. பாதையோர வீட்டுக்காரர் மின்கட்டண ரசீதையும், ரேஷன் அட்டையையும், பவர் பத்திரத்தையும் எவ்வளவு கவனமாக வைத்திருந்தாலும், அவை அவர் அங்கே வாழ்ந்தமைக்குச் சான்றாகுமேயன்றி, அந்நிலம் எல்லைக் கல்லுக்கு எப்புறம் உள்ளது என்பதைச் சொல்ல மாட்டா.

அளவுகளைப் பற்றியும் ஒரு சொல். தில்லியில் மனையைக் கஜக் கணக்கில் விற்பர். ஒரு சதுர கஜம் 9 சதுர அடி. ஆகவே 100 கஜம் என்பது 900 சதுர அடி. சென்னையின் ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி. ஒரு சென்ட் ஏறக்குறைய 436 சதுர அடி. இங்கே 20 பிஸ்வா ஒரு பீகா. ஏறத்தாழ 1,008 சதுர கஜம். இதனைத் தாளில் எழுதிப் பெட்டியில் வைத்துக்கொள்ளுதல் நலம்.

படம் ஒன்றே போதும் என்று நாம் கூறவில்லை. படம் எல்லையைக் காட்டும். உரிமையை மூலப்பத்திரமும் வில்லங்கச் சான்றும் காட்டும். இரண்டும் ஒத்திருக்க வேண்டும். அவ்விரண்டும் தரையோடு ஒத்திருக்க வேண்டும். முன்பணம் கொடுக்குமுன் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிலத்தைச் சுற்றி நடந்து, அளந்து பார்த்துவிடுக. 'அளக்க வேண்டாம், நேரமாகிறது' என்று விற்பவர் அவசரப்படுத்தினால், அந்த அவசரத்தையே எச்சரிக்கையாகக் கொள்க.

இறுதியாகப் பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள். தில்லியில் பிறந்த நம் பிள்ளைகளுக்கு ஊர் வயலின் மூலைக்கல் எது என்று தெரியாது. அதனை அறிந்த பெரியவர்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வருகின்றனர். இம்முறை பொங்கல் விடுமுறைக்கு ஊர் செல்வோர், புலப்படத்தை அச்சிட்டு எடுத்துச் சென்று, பெரியவர் ஒருவரையும் பிள்ளைகளையும் உடன் அழைத்துக்கொண்டு, கல் கல்லாகப் பார்த்து வருக. கல் காணாமற் போயிருந்தால், அளவருக்கு அன்றே விண்ணப்பம் எழுதிக் கொடுத்துவிட்டு இரயிலேறுக.