மருந்தை மட்டுமல்ல, ஆய்வு முறையையும் சோதிக்க வேண்டும்: இளம் ஆய்வாளர்களுக்கு மானியம் ஏன் அவசியம்?

கோவிட்-19 பெருந்தொற்று உச்சத்தில் இருந்த 2021-ஆம் ஆண்டில், ஐவர்மெக்டின் என்ற மருந்தின் பெயர் மலேசியாவில் பரவலாக அடிபட்டது. ஒட்டுண்ணிகளை ஒழிக்கப் பயன்படும் அந்த மருந்து கோவிட்டையும் குணப்படுத்தும் என்ற தகவல் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றியது. சுகாதார அமைச்சு அதை ஏன் நோயாளிகளுக்குக் கொடுக்கவில்லை என்று பலர் கேட்டனர். கள்ளத்தனமாக வாங்கிச் சாப்பிட்டவர்களும் உண்டு.

அந்தக் கேள்விக்கு அரசாங்க மருத்துவர்களே ஆய்வு நடத்திப் பதில் தேடினர். 'ஐ-டெக்' எனப்படும் அந்த ஆய்வு, ஈப்போ ராஜா பெர்மாய்சூரி பைனுன் மருத்துவமனை மருத்துவர் ஒருவரின் தலைமையில், 20 அரசாங்க மருத்துவமனைகளிலும் ஒரு தனிமைப்படுத்தல் மையத்திலும் நடந்தது. 50 வயதும் அதற்கு மேலும் ஆன, வேறு நோய்களும் உள்ள 490 பேர் குலுக்கல் முறையில் இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டனர். மருந்து எடுத்தவர்களில் 21.6 விழுக்காட்டினருக்கும், எடுக்காதவர்களில் 17.3 விழுக்காட்டினருக்கும் நோய் கடுமையானது. நோய் முற்றுவதை மருந்து தடுக்கவில்லை என்று 2022 பிப்ரவரியில் முடிவு வெளியானது.

அதே ஆய்வில், மருந்து எடுத்தவர்களில் 3 பேரும் எடுக்காதவர்களில் 10 பேரும் இறந்தனர். இதை மட்டும் பார்ப்பவருக்கு மருந்து உயிர் காத்தது போலத் தோன்றும். ஆனால், 490 பேர் கொண்ட ஆய்வில் இந்த அளவு வித்தியாசம் தற்செயலாகவும் வரலாம். 1,300-க்கும் அதிகமானோர் பங்கேற்ற பிரேசில் ஆய்வு உள்ளிட்ட பெரிய ஆய்வுகளிலும் ஐவர்மெக்டினால் குறிப்பிடத்தக்க பலன் தெரியவில்லை. எந்த எண்ணை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்று சொல்வதுதான் ஆய்வு முறையியல்.

ஐவர்மெக்டின் மீது உலகளவில் நம்பிக்கையை வளர்த்ததில் எகிப்தின் ஓர் ஆய்வறிக்கைக்குப் பங்குண்டு. அதன் தரவுகளில் குளறுபடி இருப்பதைக் கண்டுபிடித்தவர் பெரிய பேராசிரியர் அல்ல, லண்டனில் படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவர். 2021 ஜூலையில் அந்த அறிக்கை மீட்டுக்கொள்ளப்பட்டது. அதற்குள் எத்தனையோ நாடுகளில் மக்கள் அதை நம்பி மருந்தை விழுங்கிவிட்டனர்.

இது ஒரு மருந்தோடு முடியும் கதையல்ல. பிரிட்டிஷ் புள்ளியியலாளர் டக்ளஸ் ஆல்ட்மன் 1994-லேயே தரமற்ற மருத்துவ ஆய்வுகளை ஓர் அவலம் என்று கண்டித்தார். பதவி உயர்வுக்காக அவசரமாகச் செய்யப்படும் ஆய்வுகள் பெருகுவதே அதற்குக் காரணம் என்றார். 2009-இல் இயன் சால்மர்ஸ், பால் கிளாசியோ ஆகிய இருவரும், மருத்துவ ஆய்வு முதலீட்டில் சுமார் 85 விழுக்காடு வீணாகிறது என்று மதிப்பிட்டனர். தவறான கேள்வி, பிழையான வடிவமைப்பு, வெளியிடப்படாத முடிவு, அரைகுறை அறிக்கை ஆகியவையே அவர்கள் காட்டிய காரணங்கள்.

மலேசிய இந்தியர்களுக்கு இதில் நேரடி அக்கறை இருக்கிறது. தேசிய சுகாதார ஆய்வின்படி, 2019-இல் நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. 2023-இல் நாட்டளவில் 15.6 விழுக்காடாகவும், இந்தியர்களிடையே 26.4 விழுக்காடாகவும் அது பதிவானது. இரண்டு முறையும் இந்தியர்களே முதலிடம்.

ஆனால், நான்கு ஆண்டுகளில் இந்தியர்களிடையே நோய் உண்மையிலேயே 5 புள்ளி குறைந்ததா? இங்கேதான் முறையியல் வருகிறது. குடிமக்களில் இந்தியர்கள் ஏறக்குறைய 7 விழுக்காடு. மக்கள் தொகை விகிதப்படி 10,000 பேரைத் தேர்ந்தெடுத்தால் இந்தியர்கள் சுமார் 700 பேர்தான் வருவார்கள். 700 பேரிடம் கிடைக்கும் 30 விழுக்காடு என்ற முடிவு, மேலும் கீழும் 3 புள்ளிக்கு மேல் மாறக்கூடியது. வட்டாரம் வட்டாரமாக ஆட்களைத் தேர்ந்தெடுக்கும்போது அந்த இடைவெளி இன்னும் விரியும். அந்த 700 பேரில் தோட்டப்புறத்தில் இருப்பவர்கள் 100 பேர் என்று வைத்துக்கொண்டால், இடைவெளி 9 புள்ளியைத் தொடும். அதை வைத்துத் தோட்டத் தொழிலாளரின் நிலை கூடியதா, குறைந்ததா என்று யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. சிறுபான்மையினரைக் கூடுதலாகச் சேர்த்து, பின்னர் கணக்கில் சமன்செய்யும் முறைகள் உண்டு. அவற்றை நம் சூழலுக்குப் பொருத்திப் பார்க்க ஆள் வேண்டும்.

மொழியும் ஒரு சிக்கல். மனநலம் பற்றிய வினாத்தாளில் 'மன அழுத்தம்' என்று எழுதினால், ஒருவர் அதை வேலைப் பளு என்று எடுத்துக்கொள்வார், இன்னொருவர் நோய் என்று நினைப்பார். இருவரும் 'ஆம்' என்றே பதில் தருவார்கள். ஆங்கில வினாத்தாளைத் தமிழில் பெயர்த்தால் மட்டும் போதாது. தோட்டத்திலும் பட்டணத்திலும் உள்ளவர்களிடம் அதைக் கொடுத்து, அவர்கள் புரிந்துகொண்டதும் ஆய்வாளர் கேட்க நினைத்ததும் ஒன்றுதானா என்று சரிபார்க்க வேண்டும். விலையுயர்ந்த கருவிகள் தேவைப்படாத இந்த வேலை, தமிழ் தெரிந்த இளம் ஆய்வாளருக்கு மிகவும் பொருந்தும்.

ஆனால், இதற்கு மானியம் கிடைப்பது எளிதல்ல. முறையியல் ஆய்வு புதிய மருந்தைத் தராது, தலைப்புச் செய்தியாகாது. எந்த ஒரு நோய்க்கும் உரியதல்ல என்பதால், இதய நோய்க்கும் புற்றுநோய்க்கும் நிதி ஒதுக்குவோர் இதை அடுத்தவர் பொறுப்பு என்று விட்டுவிடக்கூடும். இளையவருக்கு இன்னொரு முட்டுக்கட்டையும் உண்டு. மானியம் பெற ஏற்கெனவே சாதித்த பட்டியல் வேண்டும், பட்டியல் சேர மானியம் வேண்டும்.

வழிகள் இல்லாமல் இல்லை. மலேசிய உயர்கல்வி அமைச்சு, எஃப்.ஆர்.ஜி.எஸ். எனப்படும் அடிப்படை ஆய்வு மானியத்தின் கீழ் 2019-இல் இளம் ஆய்வாளர்களுக்கென 'ரேசர்' மானியத்தை வழங்கியது. சிங்கப்பூரில் தேசிய மருத்துவ ஆராய்ச்சி மன்றம் இளம் ஆய்வாளர்களுக்குத் தனி மானியம் வைத்திருக்கிறது. பிரிட்டனில் மருத்துவ ஆராய்ச்சி மன்றமும் தேசியச் சுகாதார ஆராய்ச்சி அமைப்பும் சேர்ந்து, ஆய்வு முறைகளை மேம்படுத்துவதற்கென்றே தனித் திட்டம் நடத்தியுள்ளன. இளையோர், முறையியல் ஆகிய இரண்டையும் ஒன்றுசேர்க்கும் மானியமே இங்கு தேவை.

மருத்துவமனைகளில் கூட்டம் நிரம்பி வழியும்போது இதற்கு ஏன் பணம் என்ற கேள்வி நியாயமானது. 2030-க்குள் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 3.5 விழுக்காட்டை ஆய்வு, மேம்பாட்டுக்குச் செலவிட மலேசியா இலக்கு வைத்துள்ளது. அந்தத் தொகை கூடக்கூட, பிழையான ஆய்வில் வீணாவதும் கூடும். புதிதாக வரும் ஒவ்வொரு நூறு ரிங்கிட்டிலும் ஒரு சிறு பங்கை முறையைச் சரிசெய்ய ஒதுக்குவது மீதிப் பணத்துக்கும் காப்பாக அமையும்.

இந்திய அரசு சாரா அமைப்புகளும் சமூகத் தலைவர்களும் ஒவ்வொரு வரவுசெலவுத் திட்டத்திலும் சமூகத்துக்கான ஒதுக்கீட்டைக் கேட்கிறார்கள். அடுத்த சுகாதார ஆய்வில் இந்தியர்கள் எத்தனை பேர் சேர்க்கப்படுவார்கள், தோட்டப்புறம் தனியாகக் கணக்கிடப்படுமா, வினாத்தாள் தமிழில் சோதிக்கப்பட்டதா என்ற மூன்று கேள்விகளையும் அந்தக் கோரிக்கைப் பட்டியலில் சேர்க்கலாம். சுகாதார அமைச்சு அவற்றுக்குத் தரும் பதிலைப் பொறுத்தே, சமூகத்துக்கு எத்தனை கிளினிக், எத்தனை மருந்து என்ற கணக்கு சரியாக அமையும்.