செல்போன் இருந்தால் போதுமா?

"இணையம் வந்தபின் தகவல் எல்லோருக்கும் சமம், இனி நூலகரும் வாத்தியாரும் எதற்கு?" புதுச்சேரி கோரிமேட்டில் படித்தவர்களே இப்படிப் பேசுகிறார்கள்.

ஒன்று: ஜிப்மர் மருத்துவமனை வரிசையில் நிற்பவரிடமும் செல்போன் உண்டு. ஆங்கிலத்தில் வந்த ரத்தப் பரிசோதனை முடிவு அவருக்குப் புரிந்துவிட்டதா?

இரண்டு: 1998இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வில்லியனூரை மையமாக வைத்துக் கிராமத் தகவல் மையங்கள் தொடங்கியது. மீனவருக்கு வேண்டிய அலை உயரக் கணிப்பு அமெரிக்கக் கடற்படை இணையதளத்தில் இருந்தது. வீராம்பட்டினம் மீனவரிடம் அதைக் கணினியா சேர்த்தது? ஆட்கள் எடுத்து, தமிழாக்கி, ஒலிபெருக்கியில் சொன்னார்கள்.

மூன்று: 2004 சுனாமியன்று நல்லவாடு மீனவக் கிராமத்தை எச்சரித்ததும் தகவல் மையத்து ஒலிபெருக்கிதான். சேதி சிங்கப்பூரிலிருந்த ஊர்க்காரரிடமிருந்து, தொலைபேசியில் வந்தது. இணையத்தில் அல்ல.

தகவலைப் புரியவைத்துக் கொண்டுசேர்க்கும் இந்த ஆட்களில் யாரை முதலில் வீட்டுக்கு அனுப்பலாம் என்கிறீர்கள்?