வசனம் யாருடையது?

பள்ளி ஆண்டு விழா நாடகங்களுக்கு எழுதப்படாத சட்டம் ஒன்று உண்டு. தடுமாறாமல் ஒப்பிக்கிற மாணவன் ராஜா. சுமாராக ஒப்பிப்பவன் மந்திரி. மற்றவர்கள் காவலாளிகள், மரங்கள். வசனம் ஆசிரியருடையது, எப்போது கையைத் தூக்குவது என்ற முடிவும் அவருடையதே. இதை நடிப்புப் பயிற்சி என்பது, கரும்பலகையைப் பார்த்து எழுதுவதைக் கட்டுரைப் பயிற்சி என்பது போல.

நிஜமான நடிப்பு வகுப்பில் மாணவன் கையில் வசனம் இருக்காது. நாடகப் பயிலரங்குகளில் சகஜமான ஒரு பயிற்சி: நடுவில் ஒரு நாற்காலி. ஒவ்வொருவராக வந்து அதை நாற்காலியைத் தவிர வேறு ஏதாவதாகப் பயன்படுத்திக் காட்ட வேண்டும். முதலில் வருபவர்களுக்குச் சிரமமில்லை. ஒருவருக்கு அது ஸ்கூட்டர், இன்னொருவருக்குச் சிம்மாசனம். சுலபமான விடைகள் தீர்ந்த பிறகு வருகிற பத்தாவது ஆள்தான் யோசித்தாக வேண்டும். படைப்பாற்றல் தொடங்குவது அங்கேதான்.

இன்னொன்று: ரயில் பெட்டியில் ஒரே இருக்கைக்கு இரண்டு பேர் சொந்தம் கொண்டாடுகிறார்கள். பேச்சை அவர்களே உருவாக்க வேண்டும். ஐந்து நிமிடம் கழித்து பாத்திரங்கள் மாறும். இதுவரை விட்டுக்கொடுக்க மறுத்தவன் இப்போது கெஞ்ச வேண்டும். எதிராளியின் நியாயத்தை வாயால் சொல்லிப் பார்க்கும் இந்த வாய்ப்பை எந்தப் பரீட்சையும் தருவதில்லை.

இதற்கு ஏட்டுப் படிப்பு தடையுமல்ல, தகுதியுமல்ல. மீரா நாயரின் 'சலாம் பாம்பே' (1988) படத்துக்காக பம்பாய்த் தெருச் சிறுவர்களை இத்தகைய பயிலரங்கில் பழக்கியவர் நாடக இயக்குநர் பேரி ஜான். அவர்கள் கொண்டுவந்த மூலதனம், தெருவில் தினமும் கவனித்த மனிதர்கள்தான். படம் கான் விழாவில் பரிசு பெற்றது, ஆஸ்கர் பரிந்துரை வரை போனது.

தில்லியில் தேசிய நாடகப் பள்ளி 1989-ல் கல்விக்கான நாடகக் குழுவைத் தொடங்கியபோது அதை வழிநடத்தியவரும் பேரி ஜான்தான். 8 முதல் 16 வயது வரையிலான மாணவர்களுக்காகப் பாடத்தையொட்டிய நாடகங்களை நடத்துவது, அதில் பார்வையாளர்களையும் பங்கேற்க வைப்பது என்பது அக்குழுவின் பாணி. அதன் கோடைப் பயிலரங்குகளில் நாடகம் உருவாவது குழந்தைகளோடு சேர்ந்து.

காகிதத்தில் அரசும் இதை ஒப்புக்கொண்டிருக்கிறது. 2005-ன் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு இசை, நடனம், ஓவியம் ஆகியவற்றோடு நாடகத்தையும் பத்தாம் வகுப்பு வரை கட்டாயமாக்கச் சொன்னது. 2020-ன் தேசியக் கல்விக் கொள்கை, பாடம் என்றும் பாடத்துக்கு வெளியே என்றும் கோடு போடக் கூடாது என்கிறது. ஆனால் தேர்வு நெருங்கினால் முதலில் பறிபோவது கலை பீரியட். பிழைத்திருக்கும் இடங்களில் வேறொரு ஆபத்து: 'நாடகம் மூலம் அறிவியல்' என்ற பெயரில் பாடப் பத்தியை இரண்டு பேருக்குப் பிரித்துக் கொடுத்து ஒப்பிக்க வைப்பது. மனப்பாடம் வேஷம் போட்டுக்கொண்டு திரும்பி வருகிறது, அவ்வளவுதான்.

நல்ல நடிப்பு வகுப்புக்கு மேடை வேண்டாம், மேக்கப் வேண்டாம். பெஞ்சுகளை ஓரம் தள்ளிய ஓர் அறை போதும். கிடைக்க அரிதானது வேறொன்று: மாணவன் தடுமாறி நிற்கும்போது விடையை எடுத்துக் கொடுக்காமல் காத்திருக்கத் தெரிந்த ஆசிரியர்.