முள்ளை எண்ணுகிறவனைக் கிண்டல் பண்ணாதீர்கள்

"ஒரு துண்டு கிள்ளி மெஷின்ல போட்டா பேர் வந்துடும். இன்னும் எதுக்குடா முள்ளை எண்ணிக்கிட்டு இருக்கே?"

போன வாரம் ஹாஸ்டல் மெஸ்ஸில் வகுப்புத் தோழன் கேட்டது. தாவரவியல் படிக்கிற பாதிப் பேருக்கு நினைப்பு இதுதான். எனக்கு வந்த எரிச்சலில் தட்டில் சாம்பார் ஆறிப்போனது.

முதலில் 'கள்ளி' என்ற சொல்லையே பாருங்கள். சதுரக்கள்ளி, திருகுக்கள்ளி, இலைக்கள்ளி எல்லாம் ஒடித்தால் பால் வரும், ஆமணக்குக் குடும்பம். சப்பாத்திக்கள்ளியில் பால் வராது. அதுதான் கேக்டஸ், அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. ஊர்ப்பெயர் அப்படித்தான், போகட்டும். ஆனால் கேக்டஸுக்குள்ளேயே இனம் பிரிக்கத் தெரியாமல் என்ன கூத்து நடந்தது தெரியுமா?

18ஆம் நூற்றாண்டின் கடைசியில் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு காச்சினீல் சிவப்புச் சாயத்தின் மேல் ஆசை வந்தது. அந்தச் சாயம் சப்பாத்திக்கள்ளியில் ஒட்டி வாழும் ஒரு பூச்சியிலிருந்து கிடைப்பது. சென்னையில் டாக்டர் ஜேம்ஸ் ஆண்டர்சன் இதற்காகவே சைதாப்பேட்டைப் பக்கம் கள்ளித் தோட்டம் போட்டார். 1795இல் பிரேசிலிலிருந்து பூச்சி வந்து இறங்கியது. வந்தது உயர்ந்த சாயப்பூச்சி இல்லை, அதன் பங்காளி, டாக்டிலோபியஸ் சிலோனிகஸ். சாயம் மட்டம். ஆனால் ஒபன்ஷியா மோனகாந்தா என்ற கள்ளியைச் சாறு உறிஞ்சியே தீர்த்துக்கட்டியது. அதைப் பார்த்து 1860களில் களையை ஒழிக்கவென்றே தென்னிந்தியாவில் கொண்டுவந்து விட்டார்கள். மோனகாந்தா காலி. பக்கத்திலேயே நின்ற ஒபன்ஷியா டில்லேனியையோ அது சீண்டவே இல்லை! 1926இல் இலங்கையிலிருந்து டாக்டிலோபியஸ் ஒபன்ஷியே என்ற வேறொரு பூச்சி வந்த பிறகுதான் டில்லேனி அடங்கியது.

நமக்கு எல்லாம் 'சப்பாத்தி'. பூச்சிக்கு அது இரண்டு செடி. எதை எது தின்கிறது, எந்த மண்ணில் எது நிற்கிறது என்பதும் சாட்சிதான்.

"அதான் டி.என்.ஏ. இருக்கே" என்பான் நண்பன். எந்த டி.என்.ஏ.? தாவரங்களுக்கு வழக்கமாகப் படிக்கிற பார்கோடு பசுங்கணிகத்திலிருந்து எடுப்பது. பெரும்பாலும் தாய்வழி மட்டும் வருவது. ஒபன்ஷியாக்களோ இஷ்டத்துக்குக் கலப்புக் கட்டுகிற கூட்டம். கலப்பினத்தின் பார்கோடைப் படித்தால் அம்மா பெயர் வரும், அப்பா தப்பித்துவிடுவார். போதாததற்கு குரோமோசோம் வேறு 22, 44, 66, 88 என்று பெருகிக்கொண்டே போகிறது.

என் கட்சி முள்ளும் யோக்கியமில்லை, ஒத்துக்கொள்கிறேன். பழத்துக்காக வளர்க்கும் ஒபன்ஷியா ஃபைகஸ்-இண்டிகாவில் முள்ளுள்ளதும் உண்டு, மொட்டையானதும் உண்டு. முள்ளை மட்டும் பார்த்து அதை இரண்டு இனமாக்கியவர்கள் இருந்தார்கள்.

வட அமெரிக்காவில் ஃபுளோரிடா தொடங்கி கனடா எல்லை தாண்டியும் தரையோடு படரும் கள்ளிகளை வெகுகாலம் ஒபன்ஷியா ஹ்யூமிஃபூசா என்ற ஒரே பெயரில் அடைத்து வைத்திருந்தார்கள். லூகஸ் மஜூரும் கூட்டாளிகளும் குரோமோசோம் எண்ணினார்கள், மரபணு படித்தார்கள். 22 உள்ளவை தென்கிழக்கில் ஒடுங்கிக் கிடக்க, 44 உள்ளவை பழைய பனியாறு மூடியிருந்த நிலம் வரை ஏறியிருந்தன. அந்த 44களிலும் சிலவற்றுக்கு மஞ்சள் பூவின் நடுவில் சிவப்பு. அது செஸ்பிடோசா என்ற தனி இனம். இந்தச் சிவப்பு, காய்ந்த ஹெர்பேரியம் தாளில் மங்கிப்போகும். செடி பூத்திருக்கும்போது யாராவது அங்கே போய் நின்றிருக்க வேண்டும். (கள்ளியை அழுத்தி உலர்த்துவது எவ்வளவு நாறும் வேலை என்று செய்தவனுக்குத்தான் தெரியும்.)

மெஷினில் போட்ட துண்டு எந்தச் செடியினுடையது என்று யாராவது பார்த்து எழுதினால்தானே மெஷின் சொல்லும் பெயருக்கு அர்த்தம்? தப்பான சீட்டு ஒட்டிய செடியிலிருந்து எடுத்த டி.என்.ஏ., தப்பான பெயரைத்தான் துல்லியமாகச் சொல்லும்.

ஞாயிற்றுக்கிழமை அவனை எங்கள் ஊர் வாய்க்கால் கரைக்கு இழுத்துப் போகிறேன். நீலம் பாய்ந்த பச்சை மட்டை, வளைந்த மஞ்சள் முள், ஊதாப் பழம்: டில்லேனி. பழத்தைக் கையால் பறிக்காதே, சுணை ஏறும் என்று சொல்லியிருக்கிறேன். கேட்க மாட்டான்.