கேட்டது குப்பாயம் அல்ல

தென்திருவிதாங்கூரின் தோள்சீலைப் போராட்டத்தை நம் ஆலயங்கள் எப்படிச் சொல்கின்றன? மிஷனெரிமார் வந்தார்கள், பெண்களின் மானத்தைக் காத்தார்கள் என்று. இந்தக் கதையில் பெண்கள் கைநீட்டி வாங்கிக்கொள்கிறவர்கள் மட்டுமே. வரலாறு அப்படி இல்லை.

1829ஆம் ஆண்டின் அரச ஆணை, நாடார் கிறிஸ்தவப் பெண்கள் குப்பாயம் போடலாம், தோள்சீலை இடக்கூடாது என்றது. உடலை மறைப்பதுதான் சிக்கல் என்றால் அன்றே தீர்ந்திருக்கும். பெண்கள் விடவில்லை. குப்பாயத்தின் மேல் சீலையும் இட்டு வெளியே வந்தார்கள். சீலைகள் கிழிக்கப்பட்டன, அடி விழுந்தது, 1858-59 கலவரத்தில் ஜெபக்கூடங்கள் எரிந்தன. சென்னை ஆளுநர் டிரவெலியனின் நெருக்குதலால் 1859இல் வந்த ஆணைகூட, எப்படி வேண்டுமானாலும் மறைத்துக்கொள்ளுங்கள், மேல்சாதிப் பெண்களைப் போல மட்டும் கூடாது என்றுதான் சொன்னது. அரசுக்கு விளங்கியிருந்தது: அவர்கள் கேட்டது சமத்துவம்.

எல்லாரும் கடவுளின் சாயல் என்று கற்பித்தவர்கள் மிஷனெரிகள். அதைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் நடந்தவர்கள் பெண்கள். ஒருத்தி மட்டும் இட்டிருந்தால் ஒரே நாளில் முடிந்திருக்கும். ஊர் ஊராக இட்டதால்தான் அரசு இறங்கிவந்தது. விசுவாசம் என்று நான் சொல்வது இதைத்தான்.

இன்று அவர்களின் வழிவந்தவர்களிடம் திருச்சபை கேட்பது என்ன? அசனத்துக்கு வெங்காயம் உரிக்க வேண்டும், பாடகர் குழுவில் பாட வேண்டும், முக்காட்டோடு மௌனமாக இருக்க வேண்டும். கத்தோலிக்கத் திருச்சபையில் பெண் குருவாக முடியாது. 1947இல் உருவான தென்னிந்தியத் திருச்சபைக்கு முதல் பெண் பேராயர் கிடைத்தது 2013இல். அதே ஆண்டில் பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான சட்டமும் வந்தது. திருச்சபைகளின் பள்ளிகள், கல்லூரிகள், மருத்துவமனைகள் அதற்கு விலக்கல்ல. ஆனாலும் ஒருத்தி புகார் சொன்னால் முதலில் வருவது, "சபைக்கு அவப்பெயர்." அடுத்தது, "மன்னிச்சிரும்மா, ஜெபிப்போம்." பாதிக்கப்பட்டவளிடம் மன்னிப்பைப் பிடுங்கிக்கொள்வது ஜெபம் அல்ல, மூடிமறைப்பு.

உயிர்த்தெழுதலைப் பெண்கள் வந்து சொன்னபோது சீடர்கள் அதை வீண்பேச்சு என்று தள்ளினார்கள். அந்தப் பேச்சின் மேல்தான் திருச்சபையே நிற்கிறது. பெண்ணின் சாட்சியை நம்பாத சபை தன் அஸ்திவாரத்தையே தோண்டுகிறது.

பெண்கள் ஐக்கிய சங்கத்துச் சகோதரிகளே, புகார் சொன்னவளைச் சபைக்கமிட்டி முன் தனியே அனுப்பாதீர்கள். பத்துப் பேர் கூடப் போங்கள். ஞாயிற்றுக்கிழமை ஊர் அவளை ஒதுக்கினால், அவள் பெஞ்சில் போய் உட்காருங்கள். சீலை இட்டு நடந்தவர்களுக்கு நாம் செலுத்தவேண்டிய காணிக்கை அதுதான்.