கண்ணாடித் தொட்டியும் ஓர் அமானிதமே

மெக்சிகோவின் சோச்சிமில்கோ நீர்நிலைகளுக்குரிய ஆக்சோலோட்டல் என்னும் சலமாண்டரைக் காணொளிகளில் கண்டு, அதை வளர்க்க வேண்டுமென்று நம் பிள்ளைகளும் கேட்கின்றனர். பிராணி வளர்ப்பை மார்க்கம் தடுக்கவில்லை. சிறுவர் அபூ உமைரின் குருவி இறந்தபோது நபி (ஸல்) அவர்கள் அன்புடன் விசாரித்தார்கள். ஆயினும், பூனையை அடைத்து வைத்துப் பட்டினியால் சாகவிட்ட பெண்ணைப் பற்றிய ஹதீஸையும் நாம் அறிவோம். அடைத்து வைப்பவரிடமே அதன் உணவும் உயிரும் அமானிதமாகின்றன.

முட்டையிலிருந்து வெளிவந்த லார்வா, அசைவதையே இரையெனக் கவ்வும். எனவே தொடக்க வாரங்களில் உயிருள்ள ஆர்ட்டீமியாக் குஞ்சுகள் நாள்தோறும் தேவை. பசியும் நெரிசலும் சேர்ந்தால், அருகில் அசையும் உடன்பிறப்பின் காலையே கடித்துவிடும். இதைக் கண்டு ‘கொடிய பிராணி’ என்பாரும் உளர். எனக்கு அதில் உடன்பாடில்லை. அது தன் இயல்புப்படியே நடக்கிறது. குற்றம் இடமும் இரையும் தராதவருடையது. இழந்த கால் மீண்டும் வளரும் என்பது அல்லாஹ்வின் படைப்பு விந்தை. அந்த விந்தையை நம்பிக் குஞ்சுகளை நெரிசலில் விடுவது தகாது.

இடமும் இரையும் தந்துவிடலாம், வெப்பமே பெருந்தடை. 16 முதல் 18 டிகிரி செல்சியஸ் நீரே இதற்கு உகந்தது. 24ஐத் தாண்டினால் நலிவுறும். நம் கோடையில் குளிரூட்டும் கருவி இரவும் பகலும் இயங்க வேண்டும். மின்தடைக்கும் மாற்று ஏற்பாடு வேண்டும். அதற்கு இயலாத பெற்றோர் தயங்காமல் மறுத்துவிடலாம். மழைக்காலத்தில் குளக்கரைக்கு அழைத்துச் சென்று, தலைப்பிரட்டைகளை நீரிலேயே விட்டுக் காட்டலாம்.