முதல் ஒரு மணி நேரம்

தாய்ப்பாலைப் பற்றிய தவறான அபிப்பிராயங்களுக்கெல்லாம் வீட்டுப் பாட்டிமாரையே பொறுப்பாக்குவது நம் வைத்திய உலகில் வேரூன்றிப்போன வழக்கம். சீம்பாலைக் கெட்ட பாலென்று பீய்ச்சிக் கொட்டுவதும், பிறந்த சிசுவின் நாவில் தேனையோ சர்க்கரைத் தண்ணீரையோ தொட்டுச் சேனை வைப்பதும் தமிழ், தெலுங்கு வீடுகளில் தலைமுறைகளாக இருந்து வந்தவையென்பதும், அவற்றால் விளையக்கூடிய தீங்கு சிறிதன்று என்பதும் உண்மையே. ஆயினும், 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இந்தியாவில் நூற்றுக்கு 88.6 பிரசவங்கள் மருத்துவ நிலையங்களிலேயே நிகழ்ந்திருக்க, பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் பாலூட்டப்பெற்ற குழந்தைகள் நூற்றுக்கு 41.8 பேரே என்று காணும்போது, அந்த முதல் மணி நேரம் பாட்டியின் கையில் இல்லை, நம் கையில்தான் இருந்தது என்பதை எவ்வாறு மறுப்போம்? அறுவை செய்த தாயால் உடனே பாலூட்ட இயலாதென்பது நாமே வளர்த்த பிரமை. முதுகில் மருந்து செலுத்தி உணர்விழக்கச் செய்த தாய் விழித்தே இருக்கிறாள், சிசுவை மார்பில் சேர்த்துப் பிடிக்க ஒரு செவிலியின் துணையே அவளுக்கு வேண்டும்.

இவற்றினும் பெரிது, 'பால் போதவில்லை' என்னும் அச்சம். முதல் நாளில் ஊறும் சீம்பால் சில தேக்கரண்டியளவே. சிசுவுக்கு அன்று வேண்டுவதும் அவ்வளவே. பால் பெருகி வர இரண்டு மூன்று நாள் ஆவதையும், அதற்குள் குழந்தையின் எடை சற்றுக் குறைந்து இரண்டு வாரத்துக்குள் மீள்வதையும் முன்னரே சொல்லி வைக்காமல், இரவில் குழந்தை அழுததும் பால்பவுடரைக் கரைத்துக் கொடுத்தோமானால், சப்புவது குறைய, சப்புவதால் சுரக்கும் புரோலாக்டினும் குறைய, இல்லாத குறை மெய்யாகவே உண்டாகிவிடுகிறது. சந்தேகம் எழுந்தால் அருகில் அமர்ந்து ஒரு முறை பாலூட்டுவதை முழுவதும் கவனித்து, குழந்தை காம்பை மட்டும் கவ்வியிருக்கிறதா, கருவட்டத்தையும் சேர்த்துப் பற்றியிருக்கிறதா என்று பார்ப்பதே முதற் சிகிச்சை.

கத்திரி வெயிலில், நா வறளுமே என்ற பரிவினால் பச்சிளங்குழந்தைக்குத் தண்ணீர் புகட்டுவோரைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வருவதில்லை. தாய்ப்பாலில் நூற்றுக்கு 88 பங்கு நீரே என்பதையும், ஆறு மாதம் வரை வேறு நீர் வேண்டுவதில்லை என்பதையும் பொறுமையாக விளக்கினால் போதும். தாய்க்குச் சாதாரண ஜுரம் கண்டாலும் பாலை நிறுத்தத் தேவையில்லை.

1992ஆம் ஆண்டுச் சட்டம் சிசுப்பால் மாற்றுகளின் விளம்பரத்தையும் இலவச மாதிரிகளையும் தடை செய்திருக்கிறது. நம் மேசைகளும் சுவர்களும் அதற்கு இணங்க இருக்கட்டும். வாசக அன்பர்களிடம் நான் வேண்டுவது ஒன்று: பிரசவ அறைப் பதிவேட்டில் பிறப்பெடைக்குப் பக்கத்தில், முதற்பால் கொடுத்த மணியையும் நாள்தோறும் எழுதச் செய்யுங்கள்.